டைட்டானியாவா, யூரியாவில் செய்த மஞ்சள் பொடியா, பேசாமல் சோலார் பேனலா?

வெயிலையும் தண்ணீரையும் வைத்து ஹைட்ரஜன் எடுக்கும் வேலையில் இறங்க நினைக்கும் எம்.எஸ்சி. பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், எந்த கேட்டலிஸ்ட் எடுக்கட்டும்?" கேட்டலிஸ்ட் என்றால் இங்கே ஒளியைத் தின்று தண்ணீரைப் பிளக்க உதவும் பொடி. போன மாதம் அரூரிலிருந்து ஒரு பெண் கேட்டாள், அதற்கு முந்தின வாரம் ஊத்தங்கரைப் பையன் ஒருவன். நடுவில் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை வைத்திருக்கும் ஒருவரும் போன் செய்தார். "பேப்பரைத் திறந்தா பசுமை ஹைட்ரஜன்னுதான் போடறாங்க, நம்ம ஷெட் கூரை மேலேயே எதையாவது பூசி எடுத்துட முடியாதா?" என்றார்.

மாணவருக்கு வேண்டியது ஐந்து மாதத்தில் முடியக்கூடிய, வைவாவில் தலைகுனியாத ஒரு ப்ராஜெக்ட். ஆலைக்காரருக்கு வேண்டியது எரிக்க வாயு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் இருவருக்குமே தப்பான பதில்தான் கிடைக்கும், அதனால் முதலில் மாணவர்களுக்குச் சொல்லிவிட்டு ஆலைக்காரரிடம் கடைசியில் வருகிறேன். நான் இந்தப் பொடிகளோடு சில வருடம் மாரடித்துவிட்டு இப்போது தர்மபுரிப் பக்கம் பாடம் நடத்துகிறவன். கீழே இருப்பதில் பாதி படித்தது, மீதி கையைச் சுட்டுக்கொண்டு தெரிந்துகொண்டது.

## முதலில் எதை வைத்து எடை போடுவது

குறைக்கடத்திப் பொடியின் மேல் போதுமான ஆற்றலுள்ள ஒளி பட்டால் உள்ளே ஓர் எலக்ட்ரான் மேல் பட்டைக்குத் தாவும், கீழே ஒரு துளை மிஞ்சும். எலக்ட்ரான் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனை எடுக்க வேண்டும், துளை ஆக்சிஜனை எடுக்க வேண்டும். தண்ணீரைப் பிளக்கக் கணக்குப்படி 1.23 எலக்ட்ரான் வோல்ட் போதும், ஆனால் வழியில் நட்டம் இருப்பதால், எலக்ட்ரான் தாவ வேண்டிய உயரம், அதாவது பட்டை இடைவெளி, நடைமுறையில் 2-ஐ ஒட்டி இருந்தால்தான் வேலை நடக்கும். இதற்கிடையில் எலக்ட்ரானும் துளையும் வேலை செய்வதற்கு முன்பே ஒன்றோடொன்று சேர்ந்து காணாமல் போவதில்தான் அதிக ஆர்வம் காட்டும்.

ஆகவே ஒரு பொடியைப் பார்த்தால் நான் கேட்பவை இவை. எந்த ஒளியைத் தின்னும்? சூரிய ஒளியில் புற ஊதா வெறும் 4, 5 சதவீதம்தான், எனவே கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தின்னாத பொடிக்கு மே மாத தர்மபுரி வெயிலே கிடைத்தாலும் முக்கால்வாசிக்கு மேல் வீண். அடுத்து, ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டையும் எடுக்குமா, ஒன்றோடு நின்றுவிடுமா? தண்ணீரிலும் வெயிலிலும் நாள்கணக்கில் தாங்குமா? காசு, விஷம், உரிமம் என்று பின்னால் வந்து நிற்கும் தலைவலி எவ்வளவு?

கடைசியாக, அளக்க முடியுமா? பிள்ளைகள் இதைத்தான் கடைசியில் யோசிக்கிறார்கள், முதலில் யோசித்திருக்க வேண்டியது இது. ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. 50 மில்லிகிராம் பொடி, கிராமுக்கு மணிக்கு 1000 மைக்ரோமோல் என்ற கணக்கில் வேலை செய்தால் ஒரு மணி நேரத்தில் வரும் வாயு ஒன்றேகால் மில்லிலிட்டருக்கும் கீழே. அதை நம்பகமாக அளக்க, வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப், நாம் சொல்கிற ஜி.சி., வேண்டும். அதிலும் சாம்பிளைக் கருவிக்குள் தள்ளிக்கொண்டு போகும் கேரியர் வாயு ஆர்கானோ நைட்ரஜனோ ஆக இருக்க வேண்டும். நான் இதைத் தெரிந்துகொண்ட கதை கொஞ்சம் கசப்பு. பஸ் ஏறிப் போய்ச் சாம்பிள் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் ஆய்வகத்தில் கேரியராக ஹீலியம் ஓடிக்கொண்டிருந்தது. வெப்பக் கடத்துதிறனை வைத்து அளக்கும் டி.சி.டி. டிடெக்டருக்கு ஹீலியமும் ஹைட்ரஜனும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, அதனால் ஹைட்ரஜன் பீக் இருந்தும் இல்லாத மாதிரி, சில நேரம் தலைகீழாகக்கூட விழும். ஆறு வாரம் என் பொடிதான் செத்துப் போனது என்று நினைத்து மறுபடி மறுபடி பொடி செய்துகொண்டிருந்தேன். பொடியில் ஒரு குறையும் இல்லை.

## டைட்டானியம் டை ஆக்சைடு

சுருக்கமாக டைட்டானியா. இந்தத் துறையின் பிள்ளையார் சுழி. 1972-இல் ஜப்பானில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியா மின்வாயில் புற ஊதா ஒளி பட்டுத் தண்ணீர் பிளப்பதை நேச்சர் இதழில் எழுதியதிலிருந்துதான் உலகம் இதன் பின்னால் ஓட ஆரம்பித்தது.

அனடேஸ் வகைக்குப் பட்டை இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 387 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியை மட்டும்தான் தொடும். பட்டைகள் இருக்கும் இடம் சரி, இரண்டு வினைக்கும் தோது. ஆண்டுக்கணக்கில் தண்ணீரில் கிடந்தாலும் கரையாது, விஷமில்லை, மலிவு. வெயிலைத் தின்பதில் மட்டும்தான் கஞ்சன்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. ஒன்று, சும்மா டைட்டானியா ஹைட்ரஜனை ஒழுங்காகத் தராது, மேலே துளி பிளாட்டினம் வைக்க வேண்டும், அதற்கு வாங்கும் குளோரோபிளாட்டினிக் அமிலம் கிராமுக்கே பல ஆயிரம் ரூபாய், பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கொழகொழவென்று ஆகிவிடும்.

இரண்டு, பலிப்பொருள். ஆங்கிலத்தில் சாக்ரிஃபிஷியல் ஏஜென்ட் என்பார்கள். துளையைத் தான் வாங்கிக்கொண்டு அழிந்து, எலக்ட்ரானை ஹைட்ரஜன் வேலைக்கு விட்டுக்கொடுக்கும் ஆள். கட்டுரைகளில் பத்துக்கு ஏழு மெத்தனால் என்று போட்டிருக்கும். தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கவும் வைத்துக்கொள்ளவும் உரிமம் வேண்டும், 2024 கள்ளக்குறிச்சிச் சாவுகளுக்கு அப்புறம் கெடுபிடி இன்னும் கூடியிருக்கிறது. உங்கள் துறை அலமாரியில் ஏற்கெனவே முறையாக இருந்தால் சரி, இல்லையென்றால் கிளிசராலுக்கோ குளுக்கோஸுக்கோ போய்விடுங்கள். சர்க்கரையை வைத்து ஹைட்ரஜன் எடுக்கலாம் என்று 1980-லேயே ஜப்பானியர்கள் காட்டிவிட்டார்கள். மாங்கூழ் ஆலைக் கழிவுநீரில் இருக்கும் சர்க்கரையை இப்படிப் பயன்படுத்தலாமே என்று ஒரு மாணவன் கேட்டான், நல்ல கேள்வி. ஆனால் அந்தத் தண்ணீர் கலங்கலாக, ஒளி உள்ளேயே போகாத அளவுக்கு இருக்கும், வடிகட்டி நீர்த்துப்போகச் செய்யாமல் எதுவும் நடக்காது.

மூன்றாவது, பெயின்ட் கடை டைட்டானியா. "அதுவும் அதே பொருள்தானே சார், கிலோ கணக்கில் கிடைக்குதே" என்று வாங்கி வந்தவர்கள் உண்டு. பெயின்ட்டுக்குப் போகும் பொடியின் மேல் அலுமினா, சிலிக்கா பூசி அதன் ஒளிவினையை வேண்டுமென்றே அடக்கி வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் வெயிலில் பெயின்ட்டையே அது தின்றுவிடும். ஆய்வுக்கு என்று விற்கும் பி25 வாங்குங்கள்.

365 நானோமீட்டர் எல்.இ.டி. ஒன்று கையில் இருந்து, முதல் முறையாக இந்த வேலையைத் தொடுகிறீர்கள், கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க நம்பகமான பொடி வேண்டும் என்றால் இதைவிட நல்லது இல்லை. நீங்கள் எந்தப் பொடி செய்தாலும் பக்கத்தில் ஒப்பிட ஒரு டப்பா பி25 இருக்கட்டும்.

## கார்பன் நைட்ரைடு

2009-இல் ஷிஞ்சென் வாங் குழுவினர் நேச்சர் மெட்டீரியல்ஸ் இதழில் காட்டியது. உலோகமே இல்லாத, வெறும் கார்பனும் நைட்ரஜனுமான மஞ்சள் பொடி தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கிறது என்றதும் எல்லோரும் அடுப்பை மூட்டிவிட்டார்கள், ஏனென்றால் இதைச் செய்ய யூரியாவோ மெலமைனோ ஒரு மூடிய குரூசிபிளில் போட்டு மஃபிள் ஃபர்னஸில் 550 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் போதும்.

இடைவெளி 2.7 எலக்ட்ரான் வோல்ட், 460 நானோமீட்டர் வரை தொடும். நீல ஒளியில் கொஞ்சம் கிடைக்கிறது, டைட்டானியாவைவிட நிச்சயம் பரவாயில்லை. பட்டைகளும் இரண்டு வினைக்கும் இடம் கொடுக்கும், ஆனால் ஆக்சிஜன் பக்கம் சோம்பேறி. நன்றாகத் தாங்கும். சாதாரண அமிலம், காரத்துக்கு அசையாது.

யூரியா என்றதும் கூட்டுறவுக் கடை மூட்டைதானே என்று நினைக்காதீர்கள். 2015 முதல் இந்தியாவில் உர யூரியா பெரும்பாலும் வேப்பெண்ணெய் பூசியதுதான், அந்த எண்ணெய் கருகி உங்கள் பொடியில் என்ன செய்யும் என்று வைவாவில் பதில் சொல்ல முடியாது. மானிய உரத்தை வேறு வேலைக்குத் திருப்புவதும் சட்டப்படி தப்பு. லேப் யூரியா அரைக் கிலோ ஒன்றும் விலையில்லை, அதை வாங்குங்கள். 100 கிராம் போட்டால் கையில் நிற்பது சில கிராம்தான், மீதி அம்மோனியாவாகவும் மற்ற வாயுக்களாகவும் வெளியே போகும். நான் முதல் தடவை ஜன்னலை மூடி வைத்துக்கொண்டு செய்து, பக்கத்து வகுப்பில் உள்முறைத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தவர்கள் கண்ணீரோடு எழுந்து வந்தார்கள். புகைக்கூண்டு இல்லாத அறையில் இதைச் செய்யவே கூடாது. மெலமைனில் செய்தால் அளவு நிறைய நிற்கும், ஆனால் பொடி கட்டியாக, பரப்பளவு குறைவாக இருக்கும்.

இதற்கும் பிளாட்டினமும் பலிப்பொருளும் வேண்டும், வழக்கமாக டிரைஎத்தனாலமைன். அதைப் போட்டுவிட்டுத் தலைப்பில் "நீரைப் பிளத்தல்" என்று எழுதாதீர்கள். துளைகளை வாங்கிக்கொண்டது தண்ணீர் இல்லை, அந்த அமைன்தான், ஆக்சிஜன் வந்திருக்காது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கொஞ்சம் விவரமானவராக இருந்தால் முதல் கேள்வியே இதுதான்.

இன்னொரு செலவு பணத்தில் வராதது. இதைச் செய்யாத ஊரே இல்லை. புதுமை எங்கே என்ற கேள்விக்குப் பதில் தயாராக வேண்டும். எனக்குப் பிடித்த பதில் பிளாட்டினத்தை எடுத்துவிட்டு மாலிப்டினம் டை சல்ஃபைடு வைப்பது. அதன் படிகத் தகட்டின் விளிம்புகளில் ஹைட்ரஜன் வினை நன்றாக நடக்கும் என்பது 2000-களிலேயே தெரிந்த விஷயம். அரூர், ஊத்தங்கரைப் பக்கப் பாறைகளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேடிக் கண்டது இதே சேர்மத்தைத்தான், கனிமமாக இருக்கும்போது அதற்கு மாலிப்டினைட் என்று பெயர். பாறையைச் சுரண்டிக் கொண்டுவந்து போடச் சொல்லவில்லை, ஆய்வகத்தில் உப்பிலிருந்து செய்வதுதான் முறை. ஆனாலும் ஊர் மண்ணில் இருக்கும் பொருளை ஊர்ப் பிள்ளை ஆராய்கிறாள் என்றால் அறிமுக அத்தியாயத்துக்கு வேறென்ன வேண்டும்.

## காட்மியம் சல்ஃபைடு

எண்களை மட்டும் பார்த்தால் இதுதான் ஜெயிக்கும். 2.4 எலக்ட்ரான் வோல்ட், 520 நானோமீட்டர் வரை தொடும், பச்சை ஒளி வரை கிடைக்கிறது. செய்வதும் எளிது, இரண்டு கரைசலைக் கலந்தால் ஆரஞ்சு மஞ்சளாக இறங்கிவிடும். 2008-இல் சீனாவில் கேன் லீ குழுவினர் இதன் மேல் மாலிப்டினம் டை சல்ஃபைடு வைத்தால் பிளாட்டினத்தையே மிஞ்சுகிறது என்று காட்டினார்கள்.

ஆனால் துளைகள் தண்ணீரை விட்டுவிட்டுப் பொடியின் சொந்த சல்ஃபைடையே அரித்துத் தின்னும். தடுக்க சோடியம் சல்ஃபைடும் சல்ஃபைட்டும் கலந்த கரைசல் ஊற்ற வேண்டும். அதில் தெரியாமல் அமிலம் பட்டால் அழுகிய முட்டை நாற்றம் மட்டுமல்ல, ஹைட்ரஜன் சல்ஃபைடு நிஜமாகவே ஆளைக் கொல்லும் வாயு. காட்மியம் புற்றுநோய் தரும் உலோகம், கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவீர்கள்? தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளூரைடு இருந்து, ஓகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததே அந்தத் தொல்லையால்தான். அதோடு நம் பங்குக்குக் காட்மியத்தையும் சேர்க்க வேண்டாம். அபாயக் கழிவைத் தனியே சேர்த்து முறையாக அனுப்பும் ஏற்பாடு உள்ள பெரிய ஆய்வகத்தில் இருப்பவர் எடுக்கலாம். மற்றவர்களுக்கு என் பதில் வேண்டாம்.

## அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்டியம் டைட்டனேட்

பலிப்பொருள் இல்லாமல் வெறும் தண்ணீரை நிஜமாகவே பிளக்கும் பொடி. ஜப்பானில் டோமென் என்பவரின் குழுவினர் 2020-இல் 350-இலிருந்து 360 நானோமீட்டர் ஒளியில் 96 சதவீதம் வரை குவான்டம் திறன் காட்டினார்கள், உள்ளே போன ஒளித்துகளில் கிட்டத்தட்ட எதுவும் வீணாகவில்லை என்று அர்த்தம். 2021-இல் 100 சதுர மீட்டருக்குப் பலகையாகவே போட்டு வெளியில் ஓட்டினார்கள். அப்போது சூரிய ஒளியிலிருந்து ஹைட்ரஜனுக்குக் கிடைத்த அதிகபட்சத் திறன் 0.76 சதவீதம். 96 எங்கே, 0.76 எங்கே என்று கேட்டால் காரணம் அதேதான்: இந்தப் பொடிக்கும் புற ஊதா மட்டும்தான் தெரியும்.

உருகிய ஸ்ட்ரான்டியம் குளோரைடில் 1150 டிகிரி வரை கொண்டுபோக வேண்டும், பல கல்லூரி ஃபர்னஸ்கள் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. மேலே ரோடியம், குரோமியம், கோபால்ட் எல்லாம் இடம் பார்த்து வைக்க வேண்டும். வருவது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த வாயு, காற்றிலேயே 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை பற்றிக்கொள்ளும் ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு கலந்தே வருகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முனைவர் பட்டத்துக்குப் பெரிய நிறுவனத்தில் சேர்ந்தால் இதை எடுங்கள். ஐந்து மாத ப்ராஜெக்ட்டுக்கு இல்லை.

## பிஸ்மத் வனடேட் மின்வாய்

ஜி.சி. இல்லை, ஆனால் துறையில் மின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டத்தை அளக்கும் பொட்டன்ஷியோஸ்டாட் இருக்கிறது என்றால் இது வேறு வழி. கடத்தும் கண்ணாடியில் மஞ்சள் படலமாகப் பூசி, ஒளி பட்டால் வரும் மின்னோட்டத்தை அளந்தால் போதும். 2.4 எலக்ட்ரான் வோல்ட். கணக்குப்படி எட்டக்கூடிய உச்சம் சதுர சென்டிமீட்டருக்கு 7.5 மில்லியாம்பியர், அதில் நீங்கள் எவ்வளவு தொட்டீர்கள் என்று நேராகச் சொல்லலாம். ஆனால் இது ஆக்சிஜன் பக்கத்து வேலையாள், வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுத்தால்தான் எதிர்முனையில் ஹைட்ரஜன் வரும். அந்த வாயுவை அளக்காமல் தலைப்பில் ஹைட்ரஜன் போடாதீர்கள்.

## பேனலும் எலக்ட்ரோலைசரும்

ஆலைக்காரருக்கான பதில் இங்கே. எலக்ட்ரோலைசர் என்பது மின்சாரத்தால் தண்ணீரைப் பிளக்கும் கருவி. நம் ஊரில் சதுர மீட்டருக்கு ஒரு நாளில் சுமார் 5 யூனிட் வெயில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குள் இருப்பது சுமார் 33 யூனிட். 100 சதுர மீட்டர் கூரையில் டோமென் பலகையை அதன் உச்சத் திறனில் நாள் முழுக்க ஓட்டினாலும் 115 கிராம் சொச்சம். அதே கூரையில் சாதாரண சிலிக்கான் பேனல் போட்டு, சூடு, தூசி எல்லாம் கழித்து நாளுக்கு 80 யூனிட் எடுத்து, கிலோவுக்கு 55 யூனிட் தின்னும் எலக்ட்ரோலைசருக்குக் கொடுத்தால் ஒன்றரைக் கிலோ. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்.

சரி, அந்த ஒன்றரைக் கிலோவை பாய்லரில் எரித்தால்? காய்ந்த விறகு கிலோவுக்கு 4 யூனிட் சூடு என்றால், மொத்தமும் 12 கிலோ விறகுக்குச் சமம். இதற்கு உப்பு நீக்கிய தண்ணீர், கம்ப்ரசர், தொட்டி, பாதுகாப்பு அனுமதி எல்லாம் வேண்டும். ஃப்ளூரைடும் சுண்ணாம்புமாக வரும் போர் தண்ணீரை எலக்ட்ரோலைசரில் அப்படியே ஊற்ற முடியாது. "அண்ணா, அந்த 80 யூனிட்டை நேரா மோட்டாருக்கும் கோல்ட் ஸ்டோரேஜுக்கும் விடுங்க" என்றேன். கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் போனை வைத்தார்.

ஹைட்ரஜனே மூலப்பொருளாகத் தேவைப்படும் ஆலைக்குக் கணக்கு வேறு. மத்திய அரசு 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்த பசுமை ஹைட்ரஜன் இயக்கம் குறி வைப்பதும் உரம், சுத்திகரிப்பு ஆலை மாதிரியான இடங்களைத்தான்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| எது | தொடும் ஒளி | தாங்குமா | பின்னால் வரும் தலைவலி | யாருக்கு |
|---|---|---|---|---|
| டைட்டானியா | 387 வரை | நன்றாக | பிளாட்டினம், மெத்தனால் உரிமம் | முதல் முறை தொடுபவர் |
| கார்பன் நைட்ரைடு | 460 வரை | நன்றாக | அம்மோனியா, புதுமைக் கேள்வி | பெரும்பாலான எம்.எஸ்சி. |
| காட்மியம் சல்ஃபைடு | 520 வரை | அரிக்கும் | விஷக் கழிவு | கழிவு ஏற்பாடு உள்ள ஆய்வகம் |
| ஸ்ட்ரான்டியம் டைட்டனேட் | புற ஊதா | மாதக்கணக்கில் | 1150 டிகிரி, ரோடியம் | முனைவர் பட்டம் |
| பிஸ்மத் வனடேட் | 520-ஐ ஒட்டி | சுமார் | வெளி மின்னழுத்தம் | ஜி.சி. இல்லாதவர் |
| பேனல் வழி | கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுக்க, அதற்கு மேலும் கொஞ்சம் | ஆண்டுக்கணக்கில் | சுத்த நீர், அழுத்தத் தொட்டி | ஹைட்ரஜனே தேவைப்படும் ஆலை |

ஒளிக் கணக்கு நானோமீட்டரில்.

கட்டுரைகளில் "கிராமுக்கு மணிக்கு இத்தனை மைக்ரோமோல்" என்று வரும் எண்ணை வைத்து இந்த அட்டவணையில் ஒரு பத்தி நான் போடவில்லை, வேண்டுமென்றேதான். பொடியைக் குறைத்துப் போட்டாலே கிராம் கணக்கு ஏறிவிடும், விளக்கு மாறினால் எல்லாமே மாறிவிடும். ஒப்பிடத்தான் வேண்டும் என்றால் குவான்டம் திறனைப் பாருங்கள், அதுவும் எந்த அலைநீளத்தில் என்று போட்டிருந்தால் மட்டும்.

அரூர்ப் பெண்ணுக்குக் கார்பன் நைட்ரைடும் மாலிப்டினம் டை சல்ஃபைடும் என்று சொன்னேன், கூடவே பொடி செய்வதற்கு முன் ஜி.சி. இருக்கும் இடத்துக்கு ஒரு நடை போய், கேரியர் வாயு என்ன, கடைசியாக எப்போது ஹைட்ரஜன் வைத்துக் கேலிபிரேஷன் செய்தார்கள், சாம்பிள் ஊசி குத்தும் ரப்பர் மூடியை (செப்டம்) எத்தனை ஊசிக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். நேற்று அழைத்தாள். கேரியர் நைட்ரஜனாம். "அப்போ காற்று உள்ளே கசிஞ்சா நைட்ரஜன் பீக்கை வச்சுக் கண்டுபிடிக்க முடியாதே சார்?" என்று அவளே கேட்டாள். ஆக்சிஜன் பீக் வருகிறதா பார் என்றேன்.